அளந்து எரித்தது

டிசம்பர் விடியல். டைரோன் மலைச்சாலை கண்ணாடியாய் உறைந்திருந்தது.
என் லாரியில் பத்து டன் மரக்குருணை.
கோழித்தீவனம் மாதிரிதான் இருக்கும்,
அள்ளி முகர்ந்தால் பிசின் வாசம்.
லாட்வியாக் காட்டுப் பைன். நானும் அந்தப் பக்கம்தான்.
இருவரும் ஒரே துறைமுகத்தில் கப்பலேறினோம்.
அதற்குச் சான்றிதழ் உண்டு: புதுப்பிக்கத்தக்கது.
எனக்கு அப்படி எதுவும் தரவில்லை.
வெட்டிய இடத்தில் மறுபடி நட்டார்களா
என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஓட்டுநர்.

லாக்ரன் பண்ணையில் மூன்று கொட்டகைகள்.
இரண்டில் குஞ்சுகளின் இரைச்சல்.
மூன்றாவதின் கதவைத் தள்ளினேன்:
உள்ளே மே மாதம்.
சிமென்ட் தரை. உடைந்த சைக்கிள். பெயின்ட் டப்பாக்கள்.
சூடான குழாயடியில் ஐந்து குட்டிகள் ஈன்று
உலகத்துக்கே சொந்தக்காரிபோல் நீண்டு படுத்திருந்த பூனை.
ஜன்னல்கள் திறந்தே கிடந்தன.
வெப்பம் எழுந்து போய்ப் பனியோடு பேசிக்கொண்டிருந்தது.

“எரிக்க ஆகும் செலவைவிட
எரித்ததற்கு வரும் பணம் அதிகம்” என்றார் ஹியூயி லாக்ரன்.
“அணைத்தால் எனக்குத்தான் நஷ்டம்.
எதற்காக எரிக்கிறாய் என்று
அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லையே, ஐவார்ஸ்?”

திருடர் இல்லை அவர்.
பால் விலை விழுந்த வருஷம் மாடுகளை ஒவ்வொன்றாய் விற்றவர்.
என் டயர் வெடித்த இரவில்
ஜாக்கியோடும் தேநீரோடும் நடந்தே வந்தவர்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டார்கள்.
சுவரில் மீட்டர், காலாண்டுக்கொரு கணக்கு,
ஒரு யூனிட் பிசகவில்லை.
ஏன் ஆற்றில் போடுகிறோம் என்பதுதான்
ஒருவர் வாயிலும் வரவில்லை.

எங்கள் வீட்டு மின்சாரம் கார்டில் ஓடுகிறது.
பத்து பவுண்டு போட்டால் பத்து பவுண்டு வெளிச்சம்.
கோழி வெட்டும் ஆலையிலிருந்து வந்து
கோட்டைக் கழற்றாமலே சமைக்கிறாள் தாசே.
ரசீதின் அடியில், எறும்பு எழுத்தில்,
‘பசுமைப் பங்கு’ என்று ஒரு வரி.
ஆக, அந்தப் பூனையின் பிரசவச் செலவில்
எங்களுக்கும் கொஞ்சம் உண்டு.

இதோடு நிறுத்தினால் என் வழக்கு சுலபம்.
ஆனால் செவ்வாய்தோறும்
மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி.
அதே கொதிகலன். அதே மானியம்.
நாற்பத்தொரு பிள்ளைகள் நனைந்து வந்து
கையுறைகளை ரேடியேட்டரில் வரிசையாய்த் தொங்கவிடுவார்கள்.
யூனன் மட்டும் ஒன்றுதான்.
மற்றதை எங்கோ தொலைத்துவிட்டானாம்.
“இந்தப் பணம் வராவிட்டால்
அந்தப் பழைய எண்ணெய்ப் பூதத்தை
என் ஆயுளில் வெளியேற்றியிருக்க மாட்டேன்”
என்பார் தலைமையாசிரியை ப்ரோனா.
கரி படிந்த சுவரைப் பெயின்ட் அடிக்காமல்
ஒரு சாண் விட்டுவைத்திருக்கிறார், சாட்சிக்கு.

பிப்ரவரியில் வானொலி சொன்னது:
மாதக் கடைசியோடு திட்டம் மூடப்படும்.
அவ்வளவுதான். மாவட்டமே ஓடிப்போய் விண்ணப்பித்தது.
குதிரைலாயம், காலிக் கிடங்கு,
கூரை போடாத கொட்டகைக்குக்கூடக் கொதிகலன்.
மூன்று வாரம் லாரியிலேயே தூங்கினேன்.
பிறகு கோபம் வந்தது அவர்களுக்கு,
வந்த கோபத்தில் எல்லோருடைய பணத்தையும்
ஒரே கத்தியால் வெட்டினார்கள்.
கொட்டகைக்கும் பள்ளிக்கும்
படிவம் ஒன்றுதானே.

லாக்ரன் அணைத்துவிட்டார்.
பூனை இப்போது
என் லாரியின் சூடான மூக்கில் ஏறிப் படுக்கிறது,
நான் கிளம்பும்வரை.

மார்ச்சிலும் பனி விழுந்தது.
“ஒரு லோடு கடனாகத் தருவாயா?” என்றார் ப்ரோனா.
கம்பெனியில் கடனுக்குப் படிவம் கிடையாது என்றேன்.
என் டெலிவரிச் சீட்டை வாங்கித் திருப்பி
பின்பக்கத்தில் கட்டம் ஒன்று வரைந்தார்.
‘எதற்காக’ என்று மேலே எழுதி
உள்ளே நிரப்பினார்:
எண்பத்தொரு கையுறைகள் காய.

குழாயை மாட்டினேன்.